கடப்பாரைக்கு முன்னால் கேட் வால்வு

வீடு பழசானால் எல்லாரும் கூரையைத்தான் அண்ணாந்து பார்ப்போம். இந்த மாதம் வந்த கடிதங்களில் பாதி, காலுக்குக் கீழே என்ன நடக்கிறது என்று கேட்கின்றன. தரைக்கடியில் ஒழுகும் பைப் பற்றிய கேள்விகளை மட்டும் பொறுக்கி எடுத்திருக்கிறேன். மற்றவர்கள் பொறுத்துக்கொள்ளவும்.

கேள்வி: எங்கள் வீடு 1976இல் மாமனார் கட்டியது. கூடத்தில் சிவப்பு ஆக்சைடு தரை. பங்குனியிலிருந்து கூடத்துக்கும் சமையலறைக்கும் நடுவில் உள்ள சுவரின் அடிப்பக்கம் பொரிந்து உதிர்கிறது, தரையில் ஓரிடம் எப்போதும் வியர்த்த மாதிரி இருக்கிறது. பிளம்பர் வந்து அந்த ஈரமான இடத்திலேயே கடப்பாரையைப் போட்டு ஒரு சதுரம் உடைத்தார். அங்கே பைப்பே இல்லை, வெறும் மணல். இப்போது அடுத்த இடத்தை உடைத்துப் பார்க்கலாம் என்கிறார். விடலாமா?
— வாசகி, கும்பகோணம்

பதில்: விடாதீர்கள் அம்மா. அவரைக் குறை சொல்லவில்லை, ஆனால் ஈரம் தெரிகிற இடத்தில்தான் ஓட்டை இருக்கும் என்று நினைத்து உடைப்பது கண்ணைக் கட்டிக்கொண்டு கிணறு தோண்டுவது மாதிரி. அந்தக் காலத்து வீடுகளில் பேஸ்மென்ட் சுவர் எழுப்பி, நடுவில் மணலைக் கொட்டி, தண்ணீர் விட்டு, திமிசுக்கட்டையால் இடித்து, மேலே செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் போட்டு, அதற்கும் மேலேதான் தரை. பைப் அந்த மணலுக்குள் படுத்திருக்கும். மணலில் ஒழுகுகிற தண்ணீர் நேராக மேலே வராது. கீழே இறங்கும், பள்ளம் பார்த்து ஓடும், பேஸ்மென்ட் சுவரில் முட்டி நிற்கும், பிறகு செங்கல் வழியாக உறிஞ்சப்பட்டு ஏறும். குளியலறை வாசலில் ஓட்டையும் பூஜை அறையில் ஈரமுமாக இருந்த வீட்டை நான் பார்த்திருக்கிறேன், நடுவில் பதினைந்து அடி.

முதலில் எந்த லைன் ஒழுகுகிறது என்று தெரிய வேண்டும். உங்கள் வீட்டுக்கடியில் ஒன்றல்ல, நான்கு லைன் போகலாம்: தெருவிலிருந்து சம்புக்கு வருவது, மோட்டாரிலிருந்து டேங்குக்கு ஏறுவது, டேங்கிலிருந்து குழாய்களுக்கு இறங்குவது, கடைசியாகச் சாக்கடைக்குப் போவது. நான்கும் வேறு வேறு நேரத்தில் ஒழுகும், அதுதான் துப்பு. டேங்கிலிருந்து இறங்குகிற லைன் இருபத்து நான்கு மணி நேரமும் நிறைந்தே இருப்பதால் நிற்காமல் ஒழுகும். மோட்டார் லைன் மோட்டார் ஓடும்போதுதான் பீச்சும். முன்பு இருபது நிமிடத்தில் நிரம்பிய டேங்க் இப்போது அரை மணி நேரம் எடுத்தால் அதன்மேல் ஒரு கண் வையுங்கள் (மோட்டாரே சோர்ந்துபோயிருந்தாலும் இப்படி ஆகும், அதையும் பாருங்கள்). சாக்கடை லைன் நீங்கள் பாத்திரம் கழுவினால் கசியும், ஊருக்குப் போய்விட்டால் காயும், நாற்றமும் சேர்ந்து வரும்.

இன்று ராத்திரி ஒரு வேலை செய்யுங்கள், காசு செலவில்லை. டேங்கை நிரப்பி மோட்டாரை நிறுத்துங்கள். எல்லாக் குழாய்களையும் இறுக மூடிவிட்டு, ஒரு மூங்கில் குச்சியை டேங்குக்குள் அடி தொடும்வரை நேராக விட்டு நனைந்த இடத்தில் பென்சிலால் கோடு போடுங்கள். காலையில் யாரும் பல் துலக்கும் முன்னால் அதே குச்சியை விட்டு இன்னொரு கோடு. மறுநாள் ராத்திரி இதையே டேங்க் அடியில் உள்ள கேட் வால்வை மூடிவிட்டுச் செய்யுங்கள். முதல் ராத்திரி இறங்கி, இரண்டாம் ராத்திரி இறங்கவில்லை என்றால் ஒழுக்கு வால்வுக்கு அப்புறம், அதாவது இறங்கு லைனில். இரண்டு ராத்திரியும் ஒரே மாதிரி இறங்கினால் டேங்கிலேயே விரிசல், இல்லையென்றால் வால்வே மூடவில்லை. நாற்பது வருஷத்து கேட் வால்வு கையால் சுற்றினால் சுற்றும், ஆனால் உள்ளே கதவு கழன்று கிடக்கும். அப்படியானால் முதல் செலவு புது வால்வுதான், ஒழுக்கு எங்கே இருந்தாலும் அது வீண் போகாது.

கணக்கும் சொல்லிவிடுகிறேன். மூன்றரை அடி விட்டமுள்ள உருளை டேங்கில் ஒரு சென்டிமீட்டர் இறங்கினால் ஏறக்குறைய 9 லிட்டர். எட்டு மணி நேரத்தில் 6 சென்டிமீட்டர் என்றால் 54 லிட்டர், நாளைக்கு 160 லிட்டர் உங்கள் கூடத்துக்கு அடியில் போகிறது. சோதனைக்கு முன் கழிவறை ஃப்ளஷ் டேங்கில் பத்துச் சொட்டு நீலம் விட்டு அரை மணி நேரம் கழித்துக் கோப்பையைப் பாருங்கள். தண்ணீர் நீலமாக இறங்கியிருந்தால் குற்றவாளி தரைக்கடியில் இல்லை, ஃப்ளஷ்ஷின் வாஷரில் இருக்கிறார். இதைப் பார்க்காமல் தரையை உடைத்தவர்கள் உண்டு.

உங்கள் ஊருக்கென்று இன்னொரு விஷயம். மேட்டூர் திறந்து வாய்க்காலில் தண்ணீர் ஓடுகிற மாதங்களில் நிலத்தடி நீர் ஏறி, பைப்பில் ஒரு குறையும் இல்லாத பழைய வீட்டிலும் சுவரில் ஓதம் ஏறும். நீங்கள் பங்குனியில் தொடங்கியது என்கிறீர்கள், வாய்க்கால் காய்ந்து கிடக்கிற மாதம். அதனால் பைப்தான் என்று எனக்கும் தோன்றுகிறது. ஆனாலும் குச்சி சொல்லட்டும்.

கேள்வி: அதே பிரச்சினைதான் எங்களுக்கும். சோதித்துப் பார்த்ததில் டேங்கிலிருந்து வரும் ஜி.ஐ. (துத்தநாகம் பூசிய இரும்பு) லைன் என்று தெரிந்துவிட்டது. ஒருவர் கருவி வைத்துச் சத்தம் கேட்டு இடத்தைக் கண்டுபிடித்து அங்கே மட்டும் சரி செய்யலாம் என்கிறார். இன்னொருவர் கீழே இருப்பதை அப்படியே விட்டுவிட்டு மேலே புது லைன் இழுக்கலாம் என்கிறார். மேலே பைப் தெரிந்தால் வீடு அசிங்கமாக இருக்காதா?
— வாசகர், திருச்சி

பதில்: இரண்டாமவர் சொல்வதைக் கேளுங்கள். வீடு கட்டி 35 வருஷம் ஆகி, தரைக்கடியில் ஜி.ஐ. என்றால் நான் ஒட்டுப்போடும் பேச்சுக்கே போவதில்லை.

காரணம் இதுதான். ஜி.ஐ. பைப்பைத் துருவிலிருந்து காப்பது அதன்மேல் உள்ள துத்தநாகப் பூச்சு. மரை வெட்டுகிற இடத்தில் அந்தப் பூச்சும் வெட்டுப்பட்டுப் போகிறது, இரும்பும் மெலிகிறது. அதனால் முதலில் பழுதாகிறது ஜாயின்ட்தான். உங்கள் வீட்டில் ஒரு ஜாயின்ட் போயிருக்கிறது என்றால் அதே நாளில், அதே ஆள், அதே சணலும் லெட் பசையும் வைத்து முறுக்கிய மற்ற ஜாயின்ட்டுகளுக்கும் அதே வயதுதான். ஒன்றைச் சரி செய்யப் பைப்பை ரெஞ்ச் வைத்துத் திருகும்போது அந்த அதிர்ச்சியில் பக்கத்து எல்போ விட்டுப்போகும். வெட்டி எடுத்த முனையில் புதிதாக மரை போடலாம் என்றால் மரை வெட்டும் டையைச் சுற்றும்போதே பைப் பிஸ்கட் மாதிரி நொறுங்கும். எனக்கே ஒரு வீட்டில் இது நடந்தது. ஓர் எல்போவுக்காகத் தோண்ட ஆரம்பித்து, மாலைக்குள் கூடத்தில் பதினெட்டு அடி நீளத்துக்குப் பள்ளம், வீட்டம்மா ஒரு வார்த்தை பேசவில்லை, காபி மட்டும் கொடுத்தார். அதற்குப் பிறகு நான் மாறிவிட்டேன்.

கருவியைப் பற்றியும் ஒரு வார்த்தை. தண்ணீர் அழுத்தத்தோடு பீச்சினால்தான் சத்தம் வரும். 10 மீட்டர் உயரத்துத் தண்ணீருக்கு ஏறக்குறைய 1 கிலோ அழுத்தம்; உங்கள் தரை வீட்டு டேங்க் 5 மீட்டர் உயரத்தில் இருந்தால் அரைக் கிலோதான், அது சத்தம் போடாமல் கசியும். கருவிக்காரர் வந்தால் பைப்பின் முனைகளை அடைத்துக் கைப்பம்பால் அழுத்தம் ஏற்றிவிட்டுக் கேட்கிறாரா என்று பாருங்கள். சும்மா காதில் மாட்டிக்கொண்டு கூடத்தில் நடந்துவிட்டுப் போனால் பணம் கொடுக்க யோசியுங்கள். அழுத்தமும் அளவோடு, ஒன்று ஒன்றரைக் கிலோ போதும். பழைய பைப்பில் ஐந்தாறு கிலோ ஏற்றினால் இல்லாத ஓட்டையும் பிறக்கும்.

புது லைன் எப்படிப் போக வேண்டும் என்பதில்தான் வேலைக்காரரின் கெட்டிக்காரத்தனம். சந்து இருக்கிற வீடு என்றால் வெளிச்சுவரோடு சன்ஷேடுக்குக் கீழே கொண்டுபோய், குளியலறைக்கும் சமையலறைக்கும் நேராகச் சுவரைத் துளைத்து உள்ளே விடலாம். பக்கத்து வீட்டோடு சுவர் ஒட்டிய தெரு வீடு என்றால் உள்ளேயே நிலைக்கு மேலே, மின்விசிறி உயரத்தில் இழுத்துச் சுவர் நிறத்திலேயே வண்ணம் அடித்துவிட்டால் ஒரு மாதத்தில் உங்கள் கண்ணுக்கே தெரியாது. துளை செங்கல்லில்தான் போட வேண்டும். தூண், பீம் பக்கம் டிரில்லோடு யாரையும் விடாதீர்கள். சி.பி.வி.சி. (வெந்நீர் தாங்கும் பிளாஸ்டிக் பைப்) போடுங்கள், பிற்பாடு கீசர் வைத்தாலும் தாங்கும். வெயில் படுகிற இடத்தில் தண்ணீரில் கரைக்கும் பெயின்ட் ஒரு கோட் அடிக்க வேண்டும், இல்லாவிட்டால் சில வருஷத்தில் வெளுத்து முறுகிப் போகும். ஒட்டுகிற பசையும் சி.பி.வி.சி.க்கு உரியதாக இருக்கட்டும். டப்பாவைப் பார்த்து வாங்குங்கள், கையில் இருக்கிற பி.வி.சி. பசையையே தடவுகிறவர்கள் உண்டு.

டேங்க் உயரம் குறைவு என்பதால் மெயின் ஒரு அங்குலம், கிளைகள் முக்கால் அங்குலம் வைத்துக்கொள்ளுங்கள். முக்கியமாக, டேங்கிலிருந்து புறப்பட்ட பைப் இறங்கிக்கொண்டே போக வேண்டும். நடுவில் ஒரு ஜன்னலைத் தாண்டுவதற்காக மேலே ஏறி மறுபடி இறங்கினால் அந்த மேட்டில் காற்று அடைத்துக்கொள்ளும், டேங்க் நிறையத் தண்ணீர் இருந்தும் குழாயில் நூல் மாதிரி வரும். டேங்கை விட்டு வெளியே வந்ததும் ஒரு காற்றுக்குழாயை டேங்க் உயரத்துக்கு மேலே நிறுத்தச் சொல்லுங்கள். ஒவ்வொரு கிளைக்கும் ஒரு வால்வு. வேலை முடிந்தபின் கீழே செத்துக் கிடக்கிற ஜி.ஐ. பைப்பைத் தோண்ட வேண்டாம், தண்ணீரை வடித்துவிட்டு இரண்டு முனையிலும் பிளக் போட்டு இறுக்கிவிட்டால் போதும். திறந்து விட்டால் கரப்பான் அதை நெடுஞ்சாலையாக்கிவிடும்.

இதோடு முடித்துவிடலாம் என்று பார்த்தேன், ஆனால் இதைச் சொல்லாமல் விட்டால் தவறு. பழைய வீடுகள் பலவற்றில் எலக்ட்ரீஷியன் எர்த் வயரைத் தனியாகக் குழி தோண்டி இறக்காமல் பக்கத்தில் போன ஜி.ஐ. தண்ணீர்ப் பைப்பிலேயே ஒரு கிளாம்ப் போட்டு முறுக்கியிருப்பார். இப்போது நீங்கள் இரும்பை வெட்டிவிட்டு பிளாஸ்டிக் போட்டால் தண்ணீர் வரும், எர்த் போய்விடும். யாருக்கும் தெரியாது, ஒருநாள் வாஷிங் மெஷினைத் தொட்டால்தான் தெரியும். பைப் வேலை தொடங்கும் முன்னால் எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு எர்த் எங்கே போகிறது என்று பார்க்கச் சொல்லுங்கள். பைப்பில் போனால் முதலில் புது எர்த் குழி, அப்புறம்தான் பிளம்பர்.

கேள்வி: எங்கள் சம்புக்குக் குடிநீர் வாரியத் தண்ணீர் ஒருநாள் விட்டு ஒருநாள் வருகிறது. திறந்த முதல் ஐந்து நிமிடம் கலங்கலாகவும் லேசாக நாற்றத்தோடும் வருகிறது, பிறகு தெளிந்துவிடுகிறது. முன்வாசல் சிமென்ட் தரையில் ஒரு பக்கம் இறங்கியும் இருக்கிறது. தெளிந்த பிறகு பிடித்துக் குடிக்கிறோம், பரவாயில்லையா?
— வாசகர், சென்னை

பதில்: பரவாயில்லை என்று சொல்ல மாட்டேன். ஒழுகுகிற பைப் இருவழிப்பாதை. தண்ணீர் வருகிற நேரத்தில் உள்ளே இருப்பது வெளியே போகும். தண்ணீர் நின்றதும் பைப் வெறுமையாகி, சுற்றியுள்ள மண்ணில் தேங்கியிருப்பதை உள்ளே இழுக்கும். பக்கத்தில் சாக்கடை லைனும் கசிந்தால் இழுப்பது அதைத்தான். அடுத்தமுறை தண்ணீர் வரும்போது உங்களுக்கு முதலில் கிடைப்பது அந்த அழுக்கு. தெளிந்துவிட்டது என்றால் கிருமி போய்விட்டது என்று அர்த்தமில்லை, மஞ்சள் காமாலையும் டைஃபாய்டும் தெளிந்த தண்ணீரிலும் வரும். சிலர் தெருலைனில் நேராக மோட்டார் வைத்து உறிஞ்சுகிறார்கள், அது விதிப்படி கூடாது, அதோடு இந்த அழுக்கை இன்னும் வேகமாக இழுத்துக் கொடுக்கிற வேலையும் அதுதான்.

முன்வாசல் இறங்கியிருப்பதால் ஓட்டை உங்கள் வளாகத்துக்குள் இருக்க வாய்ப்பு அதிகம், அடியில் மணல் அரித்துப்போய்க் குகையாகியிருக்கும். ஒரு கட்டையால் தட்டிப் பாருங்கள். கெட்டியான இடத்தில் மண் குடத்தில் தட்டிய மாதிரி ஒலி வராது. வந்தால் அங்கே காரை நிறுத்தாதீர்கள். கேட்டிலிருந்து சம்புவரை புது லைன் போட்டுவிடுங்கள், அதிகம் போனால் இருபது முப்பது அடி, சாக்கடை லைனைவிட மேலேயும் அதை விட்டு விலகியும் போகட்டும். தெருவில் உள்ள பகுதியை நீங்களே தோண்டக் கூடாது, வாரிய அலுவலகத்தில் புகார் எழுதிக் கொடுங்கள். அதுவரை முதலில் வருவதைச் சம்புக்குள் விடாமல் வெளியே விடுங்கள், குடிக்கிற தண்ணீர் தளதளவென்று கொதிக்கட்டும். வேலை முடிந்ததும் சம்பைக் கழுவி பிளீச்சிங் பவுடர் போடாமல் புதுத் தண்ணீர் நிரப்பாதீர்கள்.

கேள்வி: மகள் அமெரிக்காவில் டாலஸ் பக்கம் 1980களில் கட்டிய வீடு வாங்கியிருக்கிறாள். ஹாலில் ஓரிடத்தில் தரை சுடுகிறதாம். பிளம்பர் வீட்டுக்கு வெளியிலிருந்து அடியில் சுரங்கம் தோண்டிப் பைப்பைச் சரி செய்ய வேண்டும் என்கிறாராம். சுரங்கமா? ஏமாற்றுகிறார்களோ?
— வாசகி, மன்னார்குடி

பதில்: ஏமாற்று இல்லை அம்மா, டெக்சாஸில் அது வழக்கமான வேலைதான். அங்கே பெரும்பாலும் மண்மேல் நேராக ஒரே கான்கிரீட் பலகையாக ஊற்றி அதன்மேல் வீடு கட்டுகிறார்கள், அந்த வயது வீடுகளில் செம்புப் பைப் அதற்கடியில் போகும். தரை சுடுகிறது என்றால் வெந்நீர் லைன். பலகைக்குள் இறுக்கி இழுத்த எஃகுக் கம்பிகள் இருக்கலாம், அதைத் தெரியாமல் அறுத்தால் ஆபத்து, அதனால் உள்ளே உடைக்காமல் வெளியிலிருந்து தோண்டுகிறார்கள். மண்ணும் நம் கரிசல் மாதிரி நனைந்தால் வீங்கிக் காய்ந்தால் சுருங்குகிற களிமண், ஒழுக்கை விட்டுவைத்தால் பலகையே ஒரு பக்கம் தூக்கும். ஆனால் திருச்சி வாசகருக்குச் சொன்னதே இங்கும் பொருந்தும்: கீழே இருப்பதைக் கைவிட்டு, கூரைக்கடி அறை வழியாகப் புது பெக்ஸ் (வளைகிற பிளாஸ்டிக்) பைப் இழுக்க எவ்வளவு ஆகும் என்று இன்னொருவரிடமும் கேட்கச் சொல்லுங்கள். அப்படி இழுத்தால் பைப்புக்குக் குளிர் தாக்காத நல்ல உறை சுற்ற வேண்டும். 2021 பிப்ரவரி உறைபனியில் டெக்சாஸில் ஏராளமான வீடுகளில் பைப் வெடித்தது. வீட்டுக் காப்பீட்டுப் பத்திரத்தையும் படிக்கட்டும், பைப்பைச் சரி செய்யும் செலவைத் தராத நிறுவனமும் அதை எட்டுவதற்கு உடைத்துக் கட்டும் செலவைத் தரக்கூடும்.

கேள்வி: ஒழுக்கைச் சரி செய்து இரண்டு மாதம் ஆகிறது. சுவர் இன்னும் ஈரம். கொத்தனார் வாட்டர் ப்ரூஃப் சிமென்ட் பூசி ஆயில் பெயின்ட் அடித்தால் வெளியே வராது என்கிறார்.
— வாசகர், காரைக்குடி

பதில்: வெளியே வராது, மேலே ஏறும். மூன்றடியில் இருக்கிற ஓதம் ஐந்தடிக்குப் போகும். 9 அங்குலச் செங்கல் சுவர் காய்வதற்கு, அங்குலத்துக்கு ஒரு மாதம் என்று ஒரு பழைய கணக்கு உண்டு, உங்கள் ஊர்ச் சுவரின் பருமனுக்கு இன்னும் கூடவே ஆகும். பொரிந்த பூச்சைச் செங்கல் தெரியும்வரை கொத்தி எடுத்துவிட்டு அப்படியே விடுங்கள். வெள்ளையாக உப்புப் பூத்துக்கொண்டே இருக்கும், வாரம் ஒருமுறை காய்ந்த பிரஷால் தட்டி எடுங்கள், தண்ணீர் ஊற்றிக் கழுவினால் உப்பு மறுபடி உள்ளே போய்விடும். பூப்பது நின்றபின் சுண்ணாம்புக் கலவையால் பூசி சுண்ணாம்பே அடியுங்கள். பார்க்க நன்றாயில்லை என்றால் பீரோவை நகர்த்தி மறைக்காதீர்கள், காற்று வேண்டும். கரையானும் அந்த ஈரத்தைத் தேடித்தான் வரும்.

கேள்வி: பைப்புக்காக உடைத்த இடத்தில் சிவப்புத் தரை பழைய நிறத்தில் வருமா?
— வாசகி, மதுரை

பதில்: வராது. ஐம்பது வருஷம் கால் பட்டுத் தேய்ந்த பளபளப்பை எந்த மேஸ்திரியும் ஒரு நாளில் கொண்டுவர முடியாது. இரண்டு சதுர அடிக்கு ஒட்டுப்போட்டால் கண் அங்கேதான் போகும். அதனால் உடைத்த இடத்தை மட்டும் பார்க்காமல், கோட்டிலிருந்து கோடு வரை அந்தக் கட்டம் முழுவதையும் எடுத்துவிட்டு ஆத்தங்குடிக் கல் பதித்துவிடுங்கள், வேண்டுமென்றே செய்த மாதிரி இருக்கும். பதிக்கும் முன் பள்ளத்தை ஒரே மூச்சில் மூடவிடாதீர்கள்: அரையடி மணல், தண்ணீர், திமிசுக்கட்டை, மறுபடி அரையடி. அவசரமாக மண்ணைத் தள்ளிச் சிமென்ட் போட்டுவிட்டால் அடுத்த மழைக்குள் கல் இறங்கும், அப்போது எனக்கு மறுபடியும் எழுதுவீர்கள்.